தென்னந்தோப்பில் புல் வெட்டும் பழைய தோட்ட டிராக்டரின் ஓட்ட வேகத்தைக் கூட்டும் முறை

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் மரங்களைச் சாய்த்ததிலிருந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளில் நிழல் போன இடமெல்லாம் ஐப்பசி மழைக்குப் புல் முழங்கால் உயரம் எழுந்துவிடுகிறது. அதை வெட்ட நான் வைத்திருப்பது பெல்ட்டில் ஓடும் பழைய பெட்ரோல் தோட்ட டிராக்டர். இவ்வகை வண்டிகளில் பல, கலப்பை இழுப்பதையும் கருதி மெதுவாக ஓடும்படி அமைக்கப்பட்டவை என்பதால், புல் வெட்டும்போது பொழுது வீணாகிறது. எஞ்சினின் சுழற்சியைத் தொடாமல் சக்கரத்தின் வேகத்தை மட்டும் கூட்டுவதே இதற்குச் சரியான வழி.

முதலில் இப்போதைய வேகத்தை அளக்க வேண்டும். 7.5 மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் ஒரே வரிசையின் ஐந்து மரங்களுக்கு இடையே 30 மீட்டர் இருக்கும். அந்தத் தூரத்தைக் கடக்க 36 விநாடி ஆனால் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர். 27 விநாடி ஆனால் 4 கிலோமீட்டர். ஒரு மீட்டர் அகலம் வெட்டும் வண்டிக்கு, திருப்பும் நேரம் நீங்கலாக, ஓர் ஏக்கருக்கு முன்னதில் 80 நிமிடமும் பின்னதில் ஒரு மணி நேரமும் ஆகும். 4 கிலோமீட்டருக்கு மேல் ஆசைப்படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடர்ந்த கோரையில் அதற்கு மேல் போனால் புல் வெட்டுப்படாமல் படுத்துவிடும்.

எதையும் மாற்றுவதற்கு முன், இருக்கும் வேகம் எங்கே கசிகிறது என்று பாருங்கள். வி-பெல்ட், புல்லியின் (பெல்ட் ஓடும் சக்கரத்தின்) காடியில் இரு பக்கச் சுவர்களையும் பற்றியே இழுக்கிறது. அது அடியில் உட்கார்ந்துவிட்டால் வழுக்கும். புல்லியின் காடி அடியில் கண்ணாடிபோல் மினுக்கம் தெரிந்தால் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்துவிட்டது என்று பொருள். புது பெல்ட் ஒன்றே போதுமென்று வேலை அங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு.

கவர்னரை (எஞ்சினின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் அமைப்பை) இழுத்து எஞ்சினை விரட்டுவது மட்டும் கூடவே கூடாது. வெட்டும் தகட்டின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடிக்கு மேல் ஓடக் கூடாது என்பது அமெரிக்கப் பாதுகாப்பு வரம்பு. 20 அங்குலத் தகடு நிமிடத்துக்கு 3,600 சுற்றிலேயே 18,850 அடியைத் தொட்டுவிடுகிறது. அந்த வேகத்தில் கீழே கிடக்கும் குரும்பை ஒன்று தகட்டில் பட்டால் கவண்கல்லாகப் பறக்கும்.

எஞ்சின் புல்லியை எந்தப் பங்கு பெரிதாக்குகிறோமோ, வண்டியின் வேகமும் அதே பங்கு கூடும். 3 கிலோமீட்டரை 4 ஆக்க, 3 அங்குலப் புல்லிக்குப் பதில் 4 அங்குலம் வேண்டும். வெளி விட்டத்தை அளக்காமல், பெல்ட் படியும் இடத்தின் விட்டத்தைக் கணக்கில் எடுங்கள். தகட்டை ஓட்டும் பெல்ட்டும் அதே புல்லியிலிருந்து போகிறதென்றால் எஞ்சின் பக்கத்தைத் தொடக் கூடாது, தகடும் சேர்ந்து வேகமெடுத்துவிடும். அப்போது கியர்பாக்ஸ் பக்கத்துப் புல்லியைக் காற்பங்கு சிறிதாக்க வேண்டும். லேத் பட்டறையில் கடையக் கொடுக்கும்போது சாவிக் காடியின் (புல்லியைத் தண்டோடு பூட்டும் சாவி உட்காரும் காடியின்) அகலத்தையும், பெல்ட் காடியின் கோணத்தையும் (சிறிய புல்லிக்கு 34 பாகை) எழுதியே கொடுங்கள். எஞ்சின் புல்லி ஓர் அங்குலம் பெரிதானால் பெல்ட் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் நீளமாக வேண்டியிருக்கும்.

புல்லியைச் சுற்றி, கிளட்ச் மிதித்ததும் தளர்ந்த பெல்ட்டைத் தாங்கி விலக்கும் கம்பிகள் இருக்கும். பெரிய புல்லிக்கு ஏற்ப அவற்றைத் தள்ளி வைக்க வேண்டும். நான் இதைக் கவனிக்காமல் விட்டதில், பெடலை முழுக்க மிதித்த பிறகும் வண்டி ஊர்ந்துபோய், புயலுக்குப் பின் நட்ட கன்று ஒன்றின் குருத்தை முறித்தது. இப்போது கம்பிக்கும் பெல்ட்டின் முதுகுக்கும் இடையே ஒரு தீக்குச்சிக் கனம் இருக்கும்படி வைத்திருக்கிறேன்.

டயரைப் பெரிதாக்கியும் வேகம் கூட்டலாம். ஆனால் 23 அங்குலத்துக்கு 24 போட்டால் கிடைப்பது 4 விழுக்காடுதான். அதோடு பின்பக்கம் அரை அங்குலம் உயர்ந்து வெட்டும் தட்டு முன்னோக்கிச் சாயும்.

வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் நிற்கும் தூரம் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடும் என்பதால், பிரேக்கைச் சரிபார்த்துத்தான் வேலையை முடிக்க வேண்டும். இழுவிசையும் காற்பங்கு குறையும். புது ஆற்று (கல்லணைக் கால்வாய்) பாசனத்து மணற்சாரி நிலத்தில் இது தெரியாது. மழைக்குப் பின் பழைய டெல்டாவின் களிமண்ணில் ஓட்டுபவர்கள் ஒரு கியர் இறக்கியே வெட்ட வேண்டியிருக்கும். முதல் இரண்டு மணி நேர ஓட்டத்தில் புது பெல்ட் சற்றுத் தளரும். அதை இறுக்கிவிட்டு, அதே ஐந்து மரங்களுக்கு இடையே மறுபடியும் ஓட்டிப் பார்த்து விநாடியைக் குறித்துக்கொள்ளுங்கள்.