டிரக்கின் பவர் ஸ்டீயரிங் ஆயிலை என்ஜினை ஓடவிடாமல் மாற்றுவது எப்படி

பவர் ஸ்டீயரிங் டேங்கின் மூடியைத் திறந்தால் பெரும்பாலும் அதோடு சேர்ந்தே ஒரு அளவுக்குச்சி வரும். அதை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சிவப்பாகவோ தேன் நிறத்திலோ தெளிவாக இருந்தால் மூடியைத் திரும்ப மாட்டிவிடலாம். கரும்பழுப்பாகி, கருகிய வாசனை அடித்தால் மாற்றத்தான் வேண்டும். அந்தக் கருப்பு, ஹோஸின் ரப்பரும் பம்பின் உலோகமும் தேய்ந்து கலந்த அழுக்கு. அது சுற்றச் சுற்ற சீல்களையும் பம்பையும் இன்னும் தேய்க்கும். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது முனகல் சத்தம் வருவதும், நிறுத்தும் இடத்தில் திருப்பக் கனமாக இருப்பதும் இதே கதையின் அடுத்த கட்டம்.

வேலை கடினமில்லை, ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: பம்ப் ஒரு நொடிகூட ஆயில் இல்லாமல் ஓடக்கூடாது. என்ஜினை ஓடவிட்டு, பழைய ஆயில் வெளியே போகப் போகப் புதியதை ஊற்றும் முறை ஒன்று உண்டு, நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். நாங்கள் அடுத்த கேனைத் திறப்பதற்குள் டேங்க் காலியாகி பம்ப் அலற ஆரம்பித்துவிட்டது, அந்தச் சத்தம் பிறகு போகவே இல்லை, கடைசியில் பம்பையே மாற்ற வேண்டி வந்தது. பம்புக்குள் சுற்றும் பாகங்களுக்கு மசகே அந்த ஆயில்தான். அதனால் பழைய ஆயில் முழுவதும் வெளியேறும்வரை என்ஜினைத் தொடாத முறையை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டியில் ஆயில் டேங்க் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பல வண்டிகளில் மோட்டாரால் இயங்கும் மின்சார ஸ்டீயரிங் வருகிறது, அதில் மாற்ற ஆயிலே கிடையாது. டேங்க் இருந்தால் மூடியின் மேலோ வண்டியின் கையேட்டிலோ எந்த ஆயில் என்று எழுதியிருக்கும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல டிரக்குகளுக்கு டெக்ஸ்ரான், மெர்கான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்), சிலவற்றுக்கு ஸ்டீயரிங்குக்கென்றே தனி ஆயில், சில கனரக லாரிகளில் என்ஜின் ஆயில்கூட. பிரேக் ஆயிலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஊற்றிவிடாதீர்கள், சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பிக்கப் அளவு வண்டிகளில் பொதுவாக சுமார் 1 லிட்டர் பிடிக்கும், கழுவித் தள்ளவும் சேர்த்து 2 முதல் 3 லிட்டர் கையில் இருக்கட்டும். பெரிய லாரிக்கு இதைவிட அதிகம் ஆகும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், சக்கரத்துக்குக் கட்டை, பிளையர், பெரிய சிரிஞ்ச், ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாய், காலி கேன், டேங்க் வாயை அடைக்க ரப்பர் மூடி, நிறையத் துணி, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இவையெல்லாம் வேண்டும். கூட ஒரு ஆள் அவசியம், ஒருவர் ஊற்ற வேண்டும், ஒருவர் ஸ்டீயரிங் திருப்ப வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஆறியதும் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்கவே கூடாது. சக்கரம் தரையில் இருந்தால் என்ஜின் ஓடாதபோது ஸ்டீயரிங் திருப்புவது பெரும்பாடு, தூக்கிவிட்டால் ஓரளவு லேசாகச் சுற்றும்.

அடுத்து டேங்கைச் சுற்றித் துடைத்துவிட்டு மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதை சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். அப்புறம் ரிட்டர்ன் ஹோஸைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து டேங்குக்குத் திரும்பி வரும் ஹோஸ் அது, சாதாரண கிளாம்ப் போட்டிருக்கும். நட்டு போட்டு முறுக்கிய கனமான பிரஷர் ஹோஸ் வேறு, அதைத் தொட வேண்டாம். டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸும் இதே மாதிரி இருக்கலாம், அதனால் ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கமிருந்து கையால் தடவிக்கொண்டே வந்து உறுதி செய்யுங்கள். கீழே துணி விரித்து பெல்ட்டையும் மூடிக்கொள்ளுங்கள், ஆயில் பட்டால் பெல்ட் வழுக்கும். பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் நேராக இழுக்காமல் முதலில் திருகித் தளர்த்துங்கள், இழுத்தால் டேங்கின் பிளாஸ்டிக் மூக்கு உடைந்துவிடும்.

ஹோஸைக் கழற்றியதும் டேங்கில் அது மாட்டியிருந்த வாயை ரப்பர் மூடியால் அடையுங்கள். ஹோஸோடு பிளாஸ்டிக் குழாயைச் சேர்த்து மறுமுனையை கேனுக்குள் விடுங்கள். டேங்கைப் புதிய ஆயிலால் நிரப்புங்கள். இப்போது உள்ளே இருப்பவர் ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், இடது கடைசியிலிருந்து வலது கடைசிவரை மெதுவாக ஒடிக்கட்டும். ஒவ்வொரு ஒடிப்புக்கும் கேனில் கருப்பு ஆயில் கொட்டும், டேங்கில் மட்டம் இறங்கும். பாதிக்குக் கீழே போவதற்குமுன் "நிறுத்து" என்று சொல்லி ஊற்றுங்கள், பிறகு தொடருங்கள். அவசரப்பட்டால் காற்று உள்ளே போய்விடும். குழாயில் வருவது புதிய ஆயிலின் நிறத்துக்கு மாறும்வரை இதேதான், வேறு சூட்சுமம் எதுவும் இல்லை.

சரி, நிறம் மாறியாயிற்று. ஹோஸை மாட்டுங்கள், கிளாம்ப் தளர்ந்திருந்தால் புதிதாகப் போடுங்கள். டேங்கை ‘கோல்ட்’ கோடுவரை (ஆயில் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய கோடு) நிரப்பி, இன்னும் என்ஜினைத் தொடாமல், 20 தடவை கடைசிக்குக் கடைசி மெதுவாக ஒடியுங்கள். குமிழிகள் மேலே வரும், மட்டம் குறையும், ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகுதான் வண்டியை இறக்கி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஐடிலில் விட்டு இருபுறமும் சில தடவை ஒடியுங்கள், ஆனால் கடைசியில் போய் 5 நொடிக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், அழுத்தம் உச்சத்துக்கு ஏறி பம்ப் சூடாகும். ஆயில் நுரைத்து வெளிறித் தெரிந்தால் காற்று இன்னும் இருக்கிறது. அணைத்துவிட்டு அரைமணி நேரம் கழித்து மறுபடி செய்யுங்கள்.

சில டிரக்குகளில் பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டரும் இதே பம்பில்தான் ஓடும், ஹைட்ரோபூஸ்ட் என்பார்கள். அப்படிப்பட்ட வண்டியில் என்ஜின் ஓடும்போது ஸ்டீயரிங்கை ஒடிப்பதோடு பிரேக்கையும் மிதித்து விட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கம் காற்று தங்கிவிடும். பிரேக் உறுதியாக இருப்பதைப் பார்க்காமல் சாலைக்குப் போக வேண்டாம்.

தூக்கிச் செய்ய வசதி இல்லாதவர்கள் டேங்கில் இருப்பதை மட்டும் உறிஞ்சி, புதியதை ஊற்றி, சில நாள் ஓட்டிவிட்டுத் திரும்பவும் செய்யலாம். டேங்கில் மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 4 தடவைக்குப் பிறகும் ஐந்தில் ஒரு பங்கு பழையதுதான் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனாலும் எதுவும் செய்யாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். கேனை மூடி, கழிவு ஆயில் வாங்கும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள். மறுநாள் வண்டியை எடுப்பதற்குமுன் கிளாம்ப் அருகில் ஒரு காகிதத்தால் துடைத்துப் பார்த்து, ஈரமில்லை என்றால் அளவுக்குச்சியை இன்னொரு தடவை பாருங்கள். ராத்திரியில் மிச்சக் காற்று வெளியேறி மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.