வெற்று மண்ணை மூட காட்டு ஸ்ட்ராபெர்ரி

மரத்தடியிலோ பாதையோரத்திலோ மண் வெறுமனே கிடந்தால் எனக்கு முதலில் தோன்றுவது காட்டு ஸ்ட்ராபெர்ரிதான். ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாது. தானே படரும், பூக்கும், தேனீக்களைக் கூப்பிடும். பழம் சின்னதுதான், ஆனால் மணம் கடைப் பழத்தில் கிடைக்காது.

முதலில், உங்கள் ஊர் மண்ணுக்கே உரிய இனம் எது என்று பாருங்கள். வட அமெரிக்காவின் பெரும்பகுதிக்கு வர்ஜீனியானா. பசிபிக் கரையோர மணலுக்குச் சிலோயென்சிஸ். ஐரோப்பாவில் வெஸ்கா. 'ஆல்பைன்' என்று விற்பதும் வெஸ்காதான், ஆனால் அதில் பெரும்பாலும் ஓடுதண்டு, அதாவது மண்மேல் படர்ந்து கணுவில் வேர்விடும் தண்டு, வராது. இடத்தை மூட வேண்டுமென்றால் அது உதவாது. இன்னொன்று: மஞ்சள் பூ பூத்தால் அது போலி ஸ்ட்ராபெர்ரி. பழத்தில் ருசியே இருக்காது, அதன் சொந்த மண்ணான ஆசியாவுக்கு வெளியே களையாகவும் பரவும். நமக்கு வேண்டியது வெள்ளைப் பூ.

நடுவதற்கு முன் செய்யும் வேலையில்தான் எல்லாம் இருக்கிறது. புல்வேரைத் தோண்டி முழுசாக எடுத்துவிடுங்கள். செடி படர்ந்த பிறகு நடுவில் முளைக்கும் புல்லைப் பிடுங்குவது பெரிய பாடு. அப்புறம் கொஞ்சம் மட்கு கலந்தால் போதும். தழைச்சத்து உரம் வேண்டாம், இலைதான் கொழிக்கும், பூ குறையும். நாளில் பாதி நேரமாவது வெயில் படட்டும். அடர்ந்த நிழலிலும் செடி பிழைக்கும், ஆனால் காய்க்காது.

வசந்தத் தொடக்கத்திலோ வெயில் தணிந்த இலையுதிர் காலத்திலோ 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். இலைக்காம்புகள் எல்லாம் சேரும் இடத்தில் தடித்த ஒரு குருத்து இருக்கும். அதன் பாதி உயரம் மண் மட்டத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். புதைந்தால் அழுகிவிடும், மேலே நின்றால் வேர் காய்ந்துவிடும். நான் வேரை விசிறியாக விரித்து வைத்து, மண்ணை இட்டு, விரலால் சுற்றி அழுத்திவிட்டு, குருத்து தெரிகிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுவேன்.

முதல் கோடையில் மண் காயவிடாதீர்கள். சிவந்த மெல்லிய ஓடுதண்டுகள் நாலாபக்கமும் கிளம்பும். கணுவில் குட்டி இலை தெரிந்ததும், வெற்றிடம் இருக்கும் பக்கம் திருப்பி, வளைத்த கம்பியால் மண்ணோடு சேர்த்து லேசாகக் குத்திவிடுங்கள். வேர் பிடித்ததும் கம்பியை எடுத்துவிடலாம். பாதைக்குள் வருவதை மட்டும் வெட்டுங்கள். அடிக்கடி மிதிபடும் இடத்தில் இது நிற்காது, அங்கே ஒரு கல்லைப் போட்டுவிடுவது நல்லது.

பழம் வேண்டுமென்றால் வர்ஜீனியானாவை ஒரே தாய்ச்செடியிலிருந்து வாங்காதீர்கள். அதில் ஆண் பூ மட்டும், பெண் பூ மட்டும் பூக்கும் செடிகளும் உண்டு. ஓடுதண்டில் வரும் குட்டிகள் எல்லாம் தாயைப் போலவேதான் இருக்கும். அதனால் வெவ்வேறு இடத்து நாற்றுகளைக் கலந்து நடுங்கள். பழுத்ததும் பறவைகள் முந்திக்கொள்ளும். எனக்கு அதில் வருத்தமில்லை, அவற்றுக்கும் சேர்த்துத்தான் நடுகிறேன்.

சில வருடங்களில் நெருக்கம் கூடிப் பூ குறையும். அப்போது பழைய, முற்றிப்போன செடிகளைப் பிடுங்கிவிட்டு இளங்குட்டிகளை விடுங்கள். மிஞ்சிய குட்டிகளைக் கேட்பவர்களுக்கு ஈரத்துணியில் சுற்றிக் கொடுக்கலாம்.