நின்றுபோன அம்பாசிடரை வாங்கி எழுப்புவது எப்படி?

பழைய அம்பாசிடர் கைக்கு வந்ததும் பலரும் வண்டியை முதலில் கொண்டுபோய் நிறுத்துவது பெயின்ட் பட்டறையில். பளபளவென்று வெளியே வந்த வண்டியில் ஆறே மாதத்தில் பிரேக் ஆயில் ஒழுகும், டாங்க் துரு கார்புரேட்டரை அடைக்கும். பிறகு இன்ஜினை இறக்கும்போது புதுப் பெயின்ட் முழுக்கக் கீறல். எனவே இந்தக் குறிப்பில் வரிசைதான் முக்கியம்: காகிதம், பாடி, இன்ஜின், பெட்ரோல், கரண்ட், பிரேக். பெயின்ட் எல்லாவற்றுக்கும் பிறகு.

இங்கே சொல்வது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் உள்ள வண்டிகளுக்கு. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் இதில் அடங்கும். 1990களில் வந்த இசுஸு 1.8 லிட்டர் இன்ஜினுக்கு அளவுகள் வேறு. டீசல் வண்டிக்குக் காகிதம், பாடி, பிரேக் பகுதிகள் மட்டும் பொருந்தும்.

படி 1: ஆர்.சி. புக்

வண்டியைச் சுற்றிப் பார்க்கும் முன் ஆர்.சி. புக்கைக் கேளுங்கள். "புக் தொலைஞ்சுபோச்சு, அப்புறம் எடுத்துத் தர்றேன்" என்றால் டூப்ளிகேட் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சேசிஸ் நம்பரின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். இன்ஜின் நம்பருக்கும் அப்படியே. இரண்டும் புக்கோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

அம்பாசிடரில் குறிப்பாகக் கவனிக்கவேண்டியது எரிபொருள் கட்டம். ஒரு காலத்தில் பெட்ரோல் வண்டிகளுக்கு டீசல் இன்ஜின் மாற்றுவது சர்வ சாதாரணம். பலர் அதைப் புக்கில் ஏற்றவே இல்லை. புக்கில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்றால் எஃப்.சி. புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். வண்டி டாக்சியாகப் பதிவானதா, சொந்த உபயோகத்துக்கா என்பதையும் பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று. ஆர்.சி. காலாவதி என்றால் புதுப்பிக்கப் படிவம் 25. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்து, அதையும் கிரீன் டாக்ஸையும் விலையில் கழித்துப் பேசுங்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், தினசரி அலுவலகத்துக்கு முடியாது. தினமும் ஓட்ட ஆசைப்படுபவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

நீங்கள் விற்கும் நாள் வந்தாலும் இதே கதைதான். பெயர் மாறும்வரை அந்த வண்டி எங்கே மோதினாலும் கேள்வி உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

படி 2: பாடி

அம்பாசிடருக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடியேதான் சுமையைத் தாங்குகிறது. அதனால் அடித்தகடு துருப்பிடித்தால் வண்டியின் எலும்பே போனமாதிரி.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். கதவுக்குக் கீழே, சக்கர வளைவு ஓரம், டிக்கி அடி என்று நகர்த்திப் பாருங்கள். காந்தம் ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பிறகு கார்ப்பெட்டைத் தூக்கித் தரையை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், போன தகடு மொத்தென்று. பின்பக்க ஸ்பிரிங் பட்டை பாடியோடு சேரும் இடத்தையும், முன் டார்ஷன் பார் பின்முனை மாட்டியிருக்கும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பொத்தல் இருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள். புதியவர் தொடக்கூடிய வேலை இல்லை.

கடைசியாக ஒரு சோதனை. ஜாக்கி வைக்கும் இடத்தில் மெதுவாகத் தூக்கி, அந்தப் பக்க முன்கதவைத் திறந்து மூடுங்கள். தூக்குவதற்கு முன் சரியாக மூடிய கதவு இப்போது இடித்தால், பாடி வளைகிறது என்று அர்த்தம்.

படி 3: இன்ஜினைக் கையால் சுற்றுதல்

பல வருடம் நின்ற வண்டிக்குப் பேட்டரி மாட்டிச் செல்ஃப் அடிப்பதுதான் புதியவர் செய்யும் மிகப் பெரிய தவறு. சிலிண்டர் சுவரில் துரு, பிஸ்டன் ரிங்கில் பிசின், வால்வு கைடில் அழுக்கு. செல்ஃபின் பலத்துக்கு ரிங் உடையும் அல்லது வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ்ராடு வளையும்.

வேலை தொடங்கும் முன் இன்ச் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக 7/16, 1/2, 9/16. இந்த இன்ஜினில் நட்டெல்லாம் இன்ச் கணக்கு. 1/2 இன்ச் என்பது 12.7 மி.மீ. அதில் 13-ஐப் போட்டுத் திருகினால் நட்டின் மூலை மழுங்கும், பிறகு உளிதான் கதி.

நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். எந்தப் பிளக் எந்தச் சிலிண்டர் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் துருவேறியிருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. ஒவ்வொரு துளையிலும் இரண்டு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் அப்படியே விடுங்கள்.

மூன்றாம் நாள் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, பம்பர் வழியாக ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பிடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்கள் இருக்கும் பக்கத்திலேயே வையுங்கள், பிடியைச் சுற்றி மடக்காதீர்கள். கீழிருந்து மேலே இழுக்கவேண்டும், மேலிருந்து அழுத்தக்கூடாது. இப்போது பிளக் இல்லாததால் உதைக்காது. ஆனால் பிளக் மாட்டிய பிறகு இன்ஜின் எதிர்த்து உதைத்தால் மடக்கிய கட்டைவிரல் உடையும்.

அசையவில்லையா? மறுபடி ஆயில், மறுபடி காத்திருப்பு. ஹேண்டிலில் பைப் சொருகி நெம்பவேண்டாம். ஒரு வாரமாகியும் அசையாவிட்டால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கித்தான் ஆகவேண்டும். வாங்கும் முன்பே தெரிந்தால் இன்ஜின் முழு வேலைக்கான தொகையை விலையில் குறையுங்கள்.

சுற்றுகிறது என்றால் இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றிவிட்டுச் சுற்றிக்கொண்டே எட்டு வால்வையும் பாருங்கள். கீழே போன வால்வு ஒவ்வொன்றும் தானாக மேலே வரவேண்டும். ஒன்று மேலே வராமல் நின்றால் அதன் தண்டில் டீசலும் ஆயிலும் கலந்து விட்டு, மரச்சுத்தியலால் லேசாகத் தட்டி விடுவியுங்கள்.

அப்படியே டேப்பெட்டையும், அதாவது வால்வு முனைக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியையும், வைத்துவிடலாம். இடைவெளி 0.015 இன்ச், அதாவது 0.38 மி.மீ. இதற்கு ஒன்பது கணக்கு என்று எளிய வழி உண்டு. முன்னாலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். எந்த வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதோ அந்த எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருவதைச் சரிசெய்யவேண்டும். 1 திறந்திருந்தால் 8, 3 திறந்திருந்தால் 6. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நகரவேண்டும்.

பழைய ஆயிலை இறக்குங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கட். ஃபில்டர் மாற்றும்போது கிண்ணத்தின் மேல் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ரப்பர் வளையத்தைக் குத்தூசியால் எடுத்தே ஆகவேண்டும். அதன் மேலேயே புது வளையத்தை வைத்தால் இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆயில் தரையில் கொட்டும். 20டபிள்யூ-40 ஆயில் நான்கு லிட்டர் வாங்குங்கள். முழுவதையும் ஊற்றாமல் டிப்ஸ்டிக் பார்த்து நிறுத்துங்கள்.

படி 4: பெட்ரோல்

டாங்கில் உள்ளதைப் பயன்படுத்தவேண்டாம். வருடக்கணக்கில் நின்ற பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஆகிவிடும், அந்த வாடையே காட்டிக்கொடுக்கும். டாங்கை இறக்கி, ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கழுவி வெயிலில் காயவையுங்கள். ஓட்டை இருந்தால் நீங்களே வெல்டிங் வைக்கத் துணியாதீர்கள். காலி டாங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

ரப்பர் ஹோஸ் எதையும் விட்டுவைக்காமல் மாற்றுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பி உள்ளே உதிரும், பம்பின் டயாஃப்ரமும் அப்படியே. எத்தனால் தாங்கும் 30ஆர்9 என்ற முத்திரை உள்ள ஹோஸ் கேட்டு வாங்குங்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கும் என்றால் டாங்கில் நிறைய வைக்கவேண்டாம். எத்தனால் ஈரத்தை இழுத்துத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும், துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

எஸ்.யூ. கார்புரேட்டரைப் பார்த்து மிரளவேண்டாம், அதைவிட எளிய கார்புரேட்டர் கிடையாது. மேல்மூடியின் டேம்பரைத் திருகி எடுத்துவிட்டு, ஏர் ஃபில்டர் பக்கமாக விரலை விட்டு உள்ளே உள்ள பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். தடையில்லாமல் விழுந்து 'க்ளக்' என்று சத்தம் வரவேண்டும். நடுவில் நின்றால் கழற்றிப் பிஸ்டனையும் அறையையும் தின்னர் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கூடாது, அந்த இடைவெளிதான் அதன் உயிர். பிறகு நடுக்குழாயில் மெல்லிய ஆயில் விட்டு டேம்பரை இறக்குங்கள். மூடி உட்கார இன்னும் 6 மி.மீ. இருக்கும்போது கையில் எதிர்ப்பு தெரிந்தால் ஆயில் அளவு சரி. இது வறண்டிருந்தால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வண்டி திக்கும். பலர் அதற்குக் கார்புரேட்டரையே மாற்றிவிடுகிறார்கள்.

இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. பெட்ரோல் வரவைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட் ஊசி மாட்டிக்கொண்டு பெட்ரோல் வழிந்தால் நேராகச் சூடான இரும்பில் சொட்டும். முதல் ஸ்டார்ட்டின்போது தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

படி 5: கரண்ட்

பேட்டரி மாட்டும் முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். டைனமோ உள்ள பழைய வண்டிகளில் பிளஸ் எர்த் இருக்கக்கூடும். வழக்கப்படி மைனஸை எர்த்தில் மாட்டினால் பின்னால் யாரோ பொருத்திய ரேடியோ முதலில் போகும்.

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பிளாட்டினம் பாயின்ட்டின் முகத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து 0.38 மி.மீ. இடைவெளி வையுங்கள். பிளக்குக்கு 0.6 மி.மீ. ஃபயரிங் வரிசை 1-3-4-2, ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும். வயர்களை மாற்றி மாட்டினால் கார்புரேட்டர் வழியாகத் தும்மும். கண்டென்சர் புதிதாகவே போடுங்கள்.

படி 6: முதல் ஸ்டார்ட்

பிளக் மாட்டாமல் செல்ஃபை பத்துப் பத்து விநாடியாக அடியுங்கள். சிலிண்டரில் விட்ட ஆயில் துளை வழியாகப் பீய்ச்சும், எனவே பானெட் அருகே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஆயில் மீட்டர் முள் எழும்வரை அல்லது சிவப்பு விளக்கு அணையும்வரை இதைச் செய்யவேண்டும். அதன் பிறகே பிளக், தண்ணீர், பெட்ரோல்.

ஸ்டார்ட் ஆனதும் முதல் சில நிமிடம் நீலம் கலந்த வெள்ளைப் புகை கக்கும். அது நீங்கள் விட்ட ஆயில், பயப்படவேண்டாம். இன்ஜின் சூடான பிறகும் நீலப்புகை நிற்கவில்லை என்றால் ரிங் அல்லது வால்வு கைடு. சூடான நிலையில் ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ. அருகே நின்றால் நல்ல இன்ஜின்.

படி 7: பிரேக்

இன்ஜின் ஓடிய உற்சாகத்தில் தெருவைச் சுற்றி வரத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் உள்ளே துருவேறி, மிதித்த பிரேக் திரும்பி வராது, அல்லது ரப்பர் கிழிந்து கால் பலகைவரை போகும்.

முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர், பின்னால் ஒவ்வொன்று, ஆக ஆறு. உள்சுவரை விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் குழி இருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கும் இதே விதி. ரப்பர் பாகங்களைப் பெட்ரோலில் கழுவினால் உப்பிவிடும், ஸ்பிரிட்டோ பிரேக் ஆயிலோதான் போடவேண்டும். மூன்று ரப்பர் ஹோஸையும் மாற்றிவிட்டு, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதில் முடியும்படி பைப்பில் சிக்கிய காற்றை (ஏர்) எடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1712 என்றால் 2012-ம் ஆண்டின் 17-வது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரில் ஓட்டாதீர்கள்.

முன் சஸ்பென்ஷன் நிப்பிள்களுக்குக் கிரீஸ் அடியுங்கள், பழைய கருப்புக் கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை நிறுத்தாதீர்கள். இதைச் செய்யாததால்தான் அம்பாசிடர் ஸ்டியரிங் 'கல்லு மாதிரி' என்று பெயரெடுத்தது.

படி 8: முதல் 1,000 கிலோமீட்டர்

200 கி.மீ. ஓடியதும் ஆயிலை மறுபடி மாற்றுங்கள், உள்ளே கரைந்த அழுக்கெல்லாம் அதில் வரும். 1,000-ல் டேப்பெட்டை மறுபடி அளந்து ஒவ்வொரு வால்வுக்கும் எழுதி வையுங்கள். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் பிறந்தது. ஹெட்டின் இரும்பிலேயே வால்வு சீட் வெட்டப்பட்டிருக்கிறது, அந்த ஈயம்தான் சீட்டுக்குக் காப்பாக இருந்தது. 2000-த்தோடு ஈயப் பெட்ரோல் நின்றது. எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளி 0.38-லிருந்து 0.25 மி.மீ. அளவுக்குக் குறைந்திருந்தால் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறுகிறது. அப்படியே விட்டால் வால்வு மூடாமல் எரியும். ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்துக் கடின இரும்பு சீட் வளையம் இறக்கச் சொல்லுங்கள்.

இடைவெளி மாறாமல் நின்றால், வண்டியின் அடியில் புதுச் சொட்டு எதுவும் இல்லையென்றால், டிங்கரிடம் தேதி கேட்கலாம்.