‘நம்மை யார் சோதிக்கப் போகிறார்கள்?’: வயதுப் பிரிவு டிரையத்லானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லானையும் ஊக்கமருந்தையும் சேர்த்துப் பேசினால் பேச்சு சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கில் போய் நிற்கும். 2012-இல் அவர் அரை அயர்ன்மேன் (அயர்ன்மேன் என்ற நீண்ட தூர டிரையத்லானின் பாதித் தொலைவு) போட்டிகளில் வென்றுகொண்டிருந்த சமயத்தில்தான் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அவர்மீது நடவடிக்கை எடுத்தது. அது தொழில்முறை வீரரின் கதை. வேலைக்கும் போய்க்கொண்டு, வீடு எழுவதற்குள் சைக்கிள் மிதித்து முடித்து, 40–44 என்றோ 55–59 என்றோ ஒரு பிரிவில் பெயர் கொடுப்பவர் சிக்கிக்கொள்ளும் வழிகள் வேறு. அவை பெரும்பாலும் வீட்டு மருந்துப் பெட்டியிலும் சப்ளிமென்ட் டப்பாவிலும்தான் இருக்கின்றன.

அதற்காக அமெச்சூர்கள் எல்லாரும் அப்பாவிகள் என்றும் சொல்லிவிட முடியாது. 2011-இல் ஜெர்மனியில் நடந்த டிரையத்லான் போட்டிகளில் 2,997 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. யார் என்ன பதில் சொன்னார்கள் என்று ஆய்வாளருக்கே தெரியாதபடி கேள்விகள் அமைக்கப்பட்டிருந்தன. முந்தைய 12 மாதங்களில் உடல் திறனைக் கூட்ட மருந்து எடுத்தவர்கள் 13 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். பரிசுப் பணம் இல்லாத கூட்டத்தில் இவ்வளவா என்று கேட்கலாம். உலக சாம்பியன்ஷிப் தகுதியிடம், பயிற்சிக் குழுவில் கிடைக்கும் பெயர், வயதாவதை ஒத்துக்கொள்ள முடியாத மனசு என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

விதி பெரிய ஆட்களுக்குத்தான் என்று நினைப்பது

போட்டிக்குப் பதிவு செய்யும்போது நீளமான நிபந்தனைப் பக்கத்தைப் படிக்காமல் ‘சம்மதம்’ என்று தட்டிவிடுகிறோம். ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்ற வரியும் அங்கேதான் இருக்கும். ‘வாடா’ எனப்படும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதித்தொகுப்பில் அயர்ன்மேன் நிறுவனமும் கையெழுத்திட்டிருக்கிறது. வயதுப் பிரிவினரிடமும் மாதிரி எடுக்கிறார்கள், தடையும் விதிக்கிறார்கள். வேண்டுமென்றே தசை வளர்க்கும் ஸ்டீராய்டு எடுத்ததற்கு வழக்கமான தண்டனை 4 ஆண்டு. அந்த 4 ஆண்டும் டிரையத்லானுக்கு மட்டுமல்ல. அதே விதித்தொகுப்பை ஏற்ற மாரத்தான், நீச்சல், சைக்கிள் போட்டி எதிலும் இறங்க முடியாது.

2021-இல் வந்த விதித்தொகுப்பு பொழுதுபோக்காகப் போட்டியிடுபவர்களைத் தனிப் பிரிவாக வைத்துக் கொஞ்சம் தளர்வு காட்டுகிறது. தவறின் அளவைப் பொறுத்து வெறும் கண்டிப்போடு முடியவும் வாய்ப்புண்டு. ஆனால் அடிப்படை மாறவில்லை. உடலில் என்ன இருந்தாலும் அதற்குப் பொறுப்பு நீங்கள்தான். ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

டாக்டர் எழுதிக் கொடுத்தாரே என்ற தைரியம்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. உங்கள் நோய்க்கு எது சரி என்பதைத்தான் டாக்டர் பார்க்கிறார். தடைப் பட்டியல் அவர் மேசையில் இருக்காது.

ரத்த அழுத்த மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். பல கூட்டு மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கும். அது சிறுநீர் பிரிக்கும் மருந்து. வேறு மருந்துகளின் தடயத்தை மறைக்க உதவும் என்பதால் எப்போதும் தடை. மாத்திரைப் பட்டையில் பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் நின்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதே ரத்த அழுத்தத்துக்கு வேறு வகை மாத்திரைகள் பல உண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டிரையத்லானில் தடை இல்லை. டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால் மாற்றித் தருவார்.

முழங்காலிலோ தோளிலோ போடும் ஸ்டீராய்டு ஊசி அடுத்தது. 2022 ஜனவரி முதல் எந்த வழியில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை. மருந்து உடலை விட்டுப் போகும் கால அளவு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டைத் தசையில் போட்டால் 60 நாள் என்கிறது வாடா. ‘இரண்டு வாரம் ஆச்சு, போயிருக்கும்’ என்ற கணக்கு இங்கே எடுபடாது. வலிநிவாரணி டிராமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டி நாளில் தடை. ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால் இன்ஹேலர் பரவாயில்லை, ஆனால் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 என்ற வரம்பு உண்டு. அதே சால்பூட்டமாலை மாத்திரையாக விழுங்கினால் தடை. இன்சுலின் போடும் நீரிழிவுக்காரர்கள் கட்டாயம் சிகிச்சைக்கான விலக்கு அனுமதி வாங்க வேண்டும். பொழுதுபோக்கு வீரர்கள் சோதனைக்குப் பிறகும் இந்த அனுமதிக்கு விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. அதை நம்பி மருத்துவ ஆவணங்களைத் தேடாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்குத் தனியாக ஒன்று. ‘சோர்வா இருக்கா? டெஸ்டோஸ்டெரோன் குறைவு’ என்று சொல்லி ஜெல்லும் ஊசியும் தரும் கிளினிக்குகள் பெருகியிருக்கின்றன. விந்தகமோ பிட்யூட்டரி சுரப்பியோ உண்மையிலேயே பழுதானால் விலக்கு கிடைக்க வழி உண்டு. வயதானதால் அளவு இறங்கியது என்பதற்குக் கிடைக்காது. அந்த ஜெல்லைப் பூசிக்கொண்டு அதே வயதுக்காரர்களோடு வரிசையில் நிற்பது, டாக்டர் சீட்டு இருந்தாலும், ஏமாற்றுதான்.

டப்பாவையும் டிரிப்பையும் நம்புவது

சப்ளிமென்ட் டப்பாவில் ‘இயற்கை’ என்று போட்டிருப்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. ஹிஜினமைன் என்ற பொருள் செடியில் இருப்பதுதான், தடைப் பட்டியலிலும் இருக்கிறது. சில நாடுகளில் கடை அலமாரியிலேயே கிடைக்கும் டிஹெச்இஏ என்ற ஹார்மோனும் தடை. தசை வளர்க்கும் ஆஸ்டரின் போன்றவை லேபிளில் சொல்லாமலே கலந்திருந்து ஆட்களைக் கவிழ்த்திருக்கின்றன. எடுத்தே ஆக வேண்டுமென்றால் ‘இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்’, ‘என்எஸ்எஃப் சர்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட்’ போன்ற சான்று உள்ளதை வாங்குங்கள். பேட்ச் எண்ணைக் குறித்துவைத்து, டப்பாவில் கொஞ்சம் மிச்சமும் வைத்திருங்கள். காபியும் காஃபீன் ஜெல்லும் தடையில் இல்லை, நிம்மதியாகக் குடிக்கலாம்.

போட்டிக்கு முந்தின நாள் ‘புத்துணர்ச்சி டிரிப்’ ஏற்றிக்கொள்வது இப்போது ஒரு மோஸ்தர். உள்ளே போவது வெறும் உப்பு நீரும் வைட்டமினும்தானே என்பார்கள். 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றினால், உள்ளே என்ன இருந்தாலும் அது தடை செய்யப்பட்ட முறை. முறையான மருத்துவமனைச் சிகிச்சைக்கு மட்டும் விலக்கு.

சோதனைக்குக் கூப்பிட்டால் நழுவுவது

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் ஒருவர் அட்டையைக் காட்டி, நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள் என்பார். அந்த நொடியிலிருந்து அவர் உங்களை விட்டு நகரமாட்டார். ‘குடும்பத்தைப் பார்த்துட்டு வர்றேன்’ என்று தனியாகக் கிளம்பினால் அதுவே தனிக் குற்றம். மருந்து எடுத்ததற்கு நிகரான தண்டனை. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதக்கம் வாங்கலாம், சட்டை மாற்றலாம், முதலுதவிக்கும் போகலாம்.

சீல் உடைக்காத தண்ணீரை மட்டும் குடியுங்கள். மாதிரிக் குப்பிப் பெட்டியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களைப் போன்ற பாலினத்தவர் ஒருவர் நேரடியாகப் பார்க்க, குறைந்தது 90 மில்லி சிறுநீர் தர வேண்டும். உடலில் நீர் வற்றிய பிறகு இது மணிக்கணக்கில் இழுக்கும். அவசரப்பட்டு லிட்டர் லிட்டராகக் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய் மறுபடி கேட்பார்கள். படிவத்தில் கடந்த ஏழு நாட்களில் எடுத்த மருந்துகளை எல்லாம் எழுதிவிடுங்கள், சப்ளிமென்ட் உட்பட. பின்னால் பேச்சுவார்த்தை என்று வந்தால் கைகொடுப்பது அந்தத் தாள்தான்.

டிராஃப்டிங்கை ஏமாற்று என்றே எண்ணாதது

ஸ்டீராய்டு எடுத்தவனைத் திட்டித் தீர்ப்பவர்களே அயர்ன்மேனின் சைக்கிள் பகுதியான 180 கிலோமீட்டரும் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். இதுதான் டிராஃப்டிங். சமதளத்தில் சைக்கிள்காரரின் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. அதை முன்னால் போகிறவர் தலையில் கட்டிவிட்டு, சேமித்த கால்களோடு ஓட்டத்தில் இறங்குவது எந்த மாத்திரைக்கும் குறைந்ததல்ல என்பது என் கருத்து.

அயர்ன்மேன் விதிப்படி வயதுப் பிரிவினர் முன்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு 12 மீட்டர் விட வேண்டும். அந்த இடைவெளிக்குள் நுழைந்தால் 25 வினாடிக்குள் முந்தி முடிக்க வேண்டும். குழப்பம் வருவது இதற்குப் பிறகு. ஒருவர் உங்களை முந்தி, முன்னால் வந்ததும் வேகத்தைக் குறைக்கிறார். எரிச்சலில் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தால் தவறு உங்களுடையதுதான். முந்தப்பட்டவர்தான் மிதிப்பதை நிறுத்திப் பின்வாங்க வேண்டும். முழுதாக விலகிய பிறகே மறுபடி முந்தலாம். பத்துப் பேர் கும்பலாகப் போனால் ‘எல்லாரும்தானே போறாங்க’ என்று தோன்றும், நடுவரின் மோட்டார் சைக்கிள் வரும்போது நீல அட்டை வாங்குவது நீங்களாகவும் இருக்கலாம். ஓர் அட்டைக்கு ஐந்து நிமிடம், மூன்றானால் தகுதிநீக்கம். அட்டை வாங்கியபின் தண்டனைக் கூடாரத்தில் நிற்காமல் போனாலும் தகுதிநீக்கம்தான்.

சிப், பிப், அடுத்தவர் பெயர்

நண்பருக்குக் காயம், இடம் வீணாகிறதே என்று அவர் பிப் எண்ணில் (போட்டியாளர் அணியும் எண் அட்டை) ஓடுவது உதவிபோலத் தெரியும். நினைவிழந்து கிடந்தால் மருத்துவக் குழு பார்ப்பது வேறொருவரின் ரத்த வகையையும் ஒவ்வாமையையும்தான். தவிர, அவர் வயதுப் பிரிவில் யாரோ ஒருவருக்கு இடம் பறிபோகிறது.

பாதையைச் சுருக்குகிறவர்கள் நேரத்தைப் பதியும் டைமிங் சிப் விழுந்துவிட்டது என்பார்கள். 2015-இல் கனடாவின் விஸ்லரில் ஒரு வயதுப் பிரிவில் முதலிடம் பெற்றவருக்கு நேரப் பதிவில் ஓட்டை இருந்தது. தோற்றவர்கள் புகைப்படங்களையும் நேரங்களையும் ஒப்பிட்டு, ஓட்டத்தில் அவர் தங்களை முந்தியதே இல்லை என்று காட்டினார்கள், தகுதிநீக்கம் ஆனது. நிஜமாகவே சிப் விழுந்தால் அடுத்த மாற்றிடத்தில் (ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடம்) அதிகாரியிடம் சொல்லி வேறொன்று வாங்குங்கள்.

வேகமானவரை எல்லாம் சந்தேகிப்பது

ஒருவர் ஒரே ஆண்டில் முக்கால் மணி நேரம் குறைத்துவிட்டார் என்பது சாட்சியம் ஆகாது. நீச்சலைப் புதிதாகக் கற்றவர், சைக்கிளில் அமரும் நிலையைத் திருத்தியவர், தட்டையான பாதைக்கு மாறியவர் என எத்தனையோ காரணம் உண்டு. குழு அரட்டையில் பெயர் சொல்லிக் கிசுகிசுப்பது ஒருவர் மானத்தோடு விளையாடுவது. கண்ணால் பார்த்தது ஏதாவது இருந்தால், டிராஃப்டிங், குறுக்குவழி போன்றவற்றை பிப் எண், இடம், நேரத்தோடு அன்றைக்கே தலைமை நடுவரிடம் கொடுங்கள். மருந்து பற்றிய தகவலுக்கு வாடாவின் ‘ஸ்பீக் அப்’ தளமும், நாட்டின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பும் இருக்கின்றன. பெயர் வெளியே வராமல் அங்கே சொல்ல முடியும்.