கட்டைவிரலுக்கு ஒரு கல்: கவலைக்கல்லைப் பழகும் முறை

மனசு படபடக்கும்போது கை சும்மா இருக்காது. ஒருவர் நகம் கடிப்பார், இன்னொருவர் முந்தானை நுனியைச் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார். அந்தக் கைக்கு உருப்படியான ஒரு வேலை கொடுப்பதுதான் கவலைக்கல். ஆங்கிலத்தில் வொரி ஸ்டோன் என்பார்கள். சுமார் 3 செ.மீ. நீளம், முட்டை வடிவம், நடுவில் கட்டைவிரல் பதிய ஒரு குழி, அவ்வளவுதான்.

கிரேக்கத்தில், கடல் அலை உருட்டி வழவழப்பாக்கிய கல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கும் வழக்கத்திலிருந்து இது வந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். அயர்லாந்து, திபெத், அமெரிக்கப் பழங்குடிகள் என்றும் பட்டியல் நீளும். கொனமாராவின் பச்சைப் பளிங்கில் செதுக்கிய கவலைக்கற்கள் அயர்லாந்தில் இன்றும் விற்பனைக்கு உண்டு. கிரேக்கர்களிடம் கொம்போலோய் என்ற மணிச்சரமும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஜெபமாலை மாதிரி இருக்கும், ஆனால் ஜெபத்துக்கு அல்ல. காப்பிக்கடையில் உட்கார்ந்து மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். கவலைக்கல் கடைச் சரக்காகப் பரவலானது 1970களில்.

கல்லைத் தேர்ந்தெடுப்பது

அகேட், ஜாஸ்பர் போன்ற குவார்ட்ஸ் வகைக் கற்களின் கடினம், கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 7 வாக்கில் இருக்கும். சாவிக்கொத்தோடு பையில் கிடந்தாலும் எளிதில் கீறல் விழாது. செலனைட் வேண்டாம், அதன் கடினம் 2தான், நகமே கீறிவிடும். இந்தக் கல் பயத்தைப் போக்கும், அந்தக் கல் தூக்கம் தரும் என்று சொல்லி விலையை ஏற்றினால் நம்பாதீர்கள். வேலை செய்வது உங்கள் விரல். ஆற்றங்கரையில் பொறுக்கிய தட்டையான கூழாங்கல்லே போதும். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். எங்கேயும் உறுத்தக் கூடாது.

பழகுவது

முக்கியமான விஷயம் இதுதான்: பயம் வராத நேரத்தில் பழகுங்கள். தேர்வு அறை வாசலில் முதல்முறையாக எடுத்தால் அது வெறும் கல்தான். இன்றைக்குச் சாப்பிட்டு முடித்து நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போது ஆரம்பியுங்கள்.

1. மடக்கிய ஆள்காட்டி விரலின் மேல் கல்லை வையுங்கள். மற்ற விரல்கள் அடியில் தாங்கட்டும், கட்டைவிரல் குழியில் இருக்கட்டும்.

2. மூச்சை இழுத்துக்கொண்டே நான்கு எண்ணும்வரை விரலை முன்னால் தள்ளுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே ஆறு எண்ணும்வரை பின்னால் இழுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும்.

3. முதலில் கல் சில்லென்று இருக்கும். தேய்க்கத் தேய்க்க வெதுவெதுப்பாகும். அந்தச் சூடு எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். விரல் நுனியில் தொடு உணர்வு நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன, மூளையும் கைக்குத் தாராளமாக இடம் ஒதுக்கியிருக்கிறது. அதனால் முதுகுக்குத் தெரியாத மேடுபள்ளம்கூடக் கட்டைவிரலுக்குத் தெரியும். நினைப்பு எங்கேயாவது ஓடிவிட்டால் திட்டிக்கொள்ளாமல் மறுபடி கல்லுக்கு வந்துவிடுங்கள்.

4. பத்து மூச்சு போதும். தினமும் ஒரே நேரத்தில் செய்தால் கை சீக்கிரம் பழகும்.

ஆரம்பத்தில் எல்லோரும் அழுத்தித் தேய்ப்பார்கள். நகம் வெளுத்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம், விரல் மூட்டும் வலிக்கும். பூனைக்குட்டியின் நெற்றியைத் தடவுகிற அளவு போதும்.

என்னுடையது பழுப்பு ஜாஸ்பர். ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும், அந்த இடத்தில் மயிரிழை அளவு மேடு. அது விரலில் தட்டினால் மூச்சை விட வேண்டும் என்று கை பழகிவிட்டது. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று தியேட்டர் வாசலில் மூன்று மணி நேரம் அந்தக் கோட்டைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். பயம் போகவில்லை. ஆனால் டாக்டர் வெளியே வந்து சொன்னது காதில் விழுந்தது, கேட்க வேண்டியதைக் கேட்கவும் முடிந்தது.

தூக்கமும் சாப்பாடும் வேலையும் கெடும் அளவுக்குப் பதற்றம் இருந்தால் கல்லோடு நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

அப்புறம், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் கல் கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கக் கூடாது, வாயில் போட்டுவிடும். வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து பிசுபிசுத்தால் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, எப்போதும் வைக்கும் அதே பையில் போட்டு வையுங்கள். தேட வேண்டியிருக்கக் கூடாது, கை தானாகப் போய் எடுக்க வேண்டும்.