ஸ்காட்ஸ்டேலா, ஆர்லாண்டோவா? குளிர்கால கோல்ஃப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் நவம்பர் பாதியிலேயே கோல்ஃப் பை கராஜுக்குள் போய்விடும். அடுத்த வாரமே நண்பர்கள் குழுவில் பேச்சு ஆரம்பித்துவிடும்: பனிக்காலத்தில் எங்கே போய் ஆடுவது? பாதிப் பேர் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் என்பார்கள், மீதிப் பேர் புளோரிடாவின் ஆர்லாண்டோ என்பார்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் விவாதம் பெரும்பாலும் "எங்கே வெயில் அதிகம்" என்பதிலேயே சுற்றி, யாரோ ஒருவர் இணையத்தில் பார்த்த சராசரி வெப்பநிலையோடு முடிந்துவிடுகிறது. முதல் தவறு அங்கேதான்.

ஜனவரியில் ஃபீனிக்ஸ், ஸ்காட்ஸ்டேல் பகுதியின் சராசரி உச்ச வெப்பநிலை ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ். ஆர்லாண்டோவில் 22. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அது பிற்பகல் மூன்று மணியின் கணக்கு. நீங்கள் முதல் குழியில் நிற்பது காலை எட்டு மணிக்கு. அந்த நேரத்தில் ஃபீனிக்ஸில் 7, 8 டிகிரிதான் இருக்கும். வடக்கு ஸ்காட்ஸ்டேலின் பெயர்பெற்ற மைதானங்கள் 600 மீட்டருக்கும் மேலான உயரத்தில், மலையடிவாரத்தில் இருக்கின்றன. அங்கே டிசம்பர், ஜனவரி காலைகளில் புல்லின் மேல் உறைபனி படியும். உறைந்த புல்லை மிதித்தால் அதன் செல்கள் உடைந்து, கால் பட்ட இடமெல்லாம் சில நாட்களில் கருகிவிடும். அதனால் பனி உருகும்வரை யாரையும் உள்ளே விடமாட்டார்கள். இதைத்தான் 'ஃபிராஸ்ட் டிலே' என்பார்கள். எட்டு மணி டீ டைம் (ஆட்டம் தொடங்க நீங்கள் பதிவுசெய்த நேரம்) ஒன்பதரைக்குப் போகும். அதற்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் அதே அளவு தள்ளிப்போவார்கள்.

டிசம்பர் கடைசியில் இரண்டு ஊரிலும் மாலை ஐந்தரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஒரு சுற்று, அதாவது 18 குழி, ஆட நான்கரை மணி நேரம் பிடிக்கும். ஆகவே ஒரே நாளில் 36 குழி ஆடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் காலைத் தாமதத்திலேயே தோற்றுவிடுகிறார்கள். விலை குறைவு என்று பிற்பகல் ட்வைலைட் டிக்கெட் வாங்குகிறவர்கள் பதினான்காவது குழியில் இருட்டில் பந்தைத் தேடுகிறார்கள். குளிர்காலத்தில் காலை பத்து மணிக்கு டீ டைம் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். கொஞ்சம் விலை கூடுதலாக இருக்கும், கொடுத்துவிடலாம்.

ஆர்லாண்டோவில் சராசரி வேறு விதமாக ஏமாற்றும். அங்கே ஜனவரி, பிப்ரவரியில் வடக்கிலிருந்து குளிர்காற்று அலை அலையாக இறங்கும். திங்கட்கிழமை அரைக்கை சட்டையில் வியர்த்து ஆடியிருப்பீர்கள், புதன்கிழமை ஸ்வெட்டர் போட்டும் காற்றில் நடுங்குவீர்கள். இரண்டையும் கூட்டி வகுத்தால் அழகான 22 வரும். அரிசோனாவின் குளிரை முன்கூட்டியே கணிக்கலாம்: பெரும்பாலான நாட்களில் காலையில் கடிக்கும், பதினொரு மணிக்கு ஜாக்கெட்டைக் கழற்றிவிடலாம். புளோரிடாவில் நீங்கள் போகும் வாரத்தின் அதிர்ஷ்டம்தான் பேசும். என்னைக் கேட்டால், மூன்றே நாள் பயணம் என்றால் ஸ்காட்ஸ்டேல். ஒரு வாரம் இருக்கப்போகிறீர்கள் என்றால் புளோரிடாவில் இரண்டு நாள் கெட்டாலும் பரவாயில்லை, மிச்ச நாட்கள் ஈடுகட்டிவிடும். மழையைப் பொறுத்தவரை, புளோரிடா என்றாலே தினமும் சாயங்காலம் இடி மின்னல் என்ற பயம் கோடைக்குத்தான் பொருந்தும். குளிர்காலம் அங்கே வறண்ட பருவம். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகப் பெய்யும்.

அப்புறம், புளோரிடாவை ஒரே ஊராக நினைப்பது. தீவு போன்ற பதினேழாவது கிரீனைத் (குழியைச் சுற்றியுள்ள, ஒட்ட வெட்டிய புல்தரை) தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, டிபிசி சாக்ராஸ் மைதானத்தை ஆர்லாண்டோ பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அது மாநிலத்தின் வடகிழக்கில், ஜாக்சன்வில் பக்கம் இருக்கிறது. காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஜனவரியில் ஆர்லாண்டோவைவிடக் குளிரும். பழைய பாஸ்பேட் சுரங்க நிலத்தில் உருவான ஸ்ட்ரீம்சாங் ரிசார்ட்டுக்குப் போகவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். உண்மையான சூடு வேண்டுமென்றால் நேப்பிள்ஸ், மயாமி என்று தெற்கே இறங்க வேண்டும். அது வேறு பயணம், வேறு விமான நிலையம். ஸ்காட்ஸ்டேலில் இந்தச் சிக்கல் இல்லை. ட்ரூன் நார்த், கிரேஹாக், வீ-கோ-பா, ஃபீனிக்ஸ் நகராட்சியின் பபாகோ ஆகிய மைதானங்கள் எல்லாம் பெரும்பாலும் முக்கால் மணி நேர வட்டத்துக்குள் அடங்கிவிடும். காரில் வீணாகும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் மைதானக் கட்டணத்தில் புளோரிடா தரும் மலிவு பாதி கரைந்துவிடும்.

புல்லைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. அரிசோனாவில் கோடைக்கு பெர்முடா புல். இரவுகள் குளிர ஆரம்பித்ததும் அது காய்ந்து பழுப்பாகிவிடும். அதனால் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் மைதானத்தைச் சில வாரங்கள் மூடிவிட்டு, அதன் மேலேயே ரை புல் விதைப்பார்கள். இதுதான் 'ஓவர்சீடிங்'. ஜனவரி விளம்பரப் படங்களில் கண்ணைப் பறிக்கும் பச்சை இந்த ரை புல்தான். தெரியாமல் அக்டோபரில் டிக்கெட் போட்டால் நீங்கள் ஆசைப்பட்ட மைதானம் பூட்டியிருக்கும். திறந்த பிறகும் இளம் புல் மிதிபடக் கூடாது என்று கார்ட்டை (மைதானத்துக்குள் ஓட்டும் சிறு வண்டி) பாதையை விட்டு இறக்க விடமாட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் பாதையிலிருந்து பந்துவரை நடந்து, கையில் நான்கு கிளப்போடு திரும்பி வரவேண்டும். குழுவில் முழங்கால் வலிக்காரர் யாராவது இருந்தால் மறக்காமல் கேட்டுவிடுங்கள். தண்ணீரை மிச்சப்படுத்த ஃபேர்வேயில் (ஒவ்வொரு குழிக்கும் இட்டுச்செல்லும் புல்வெளி) ஓவர்சீடிங் செய்வதையே விட்டுவிட்ட மைதானங்களும் உண்டு. அங்கே பழுப்பு நிறத்தில்தான் ஆடவேண்டும். பந்து நன்றாக உருளும், புகைப்படம்தான் சுமாராக வரும். ஆர்லாண்டோவில் பெர்முடா முழுதாக உறங்குவதில்லை, வளர்ச்சிதான் குறையும். ஆனால் அங்கே கிரீன்களில் புல் சாயும் திசை பட்டிங்கை (பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) பாதிக்கும். பளபளப்பாகத் தெரிந்தால் புல் உங்களிடமிருந்து விலகி, அப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். மங்கலாகத் தெரிந்தால் கொஞ்சம் அழுத்தி அடிக்க வேண்டும்.

பணத்தை அதிகம் விழுங்குவது நாட்காட்டியைப் பார்க்காமல் தேதி முடிவு செய்வது. ஸ்காட்ஸ்டேலில் ஜனவரியில் பாரட்-ஜாக்சன் கார் ஏலம். ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரி தொடக்கத்தில் டிபிசி ஸ்காட்ஸ்டேல் மைதானத்தில் ஃபீனிக்ஸ் ஓபன் கோல்ஃப் போட்டி. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் பேஸ்பால் அணிகளின் வசந்தகாலப் பயிற்சி. 15 அணிகள் ஃபீனிக்ஸைச் சுற்றியே முகாமிட்டு மார்ச் கடைசிவரை இருக்கும். இந்த வாரங்களில் ஹோட்டல் அறை, வாடகைக் கார், டீ டைம் எல்லாமே எகிறும். பெயர்பெற்ற மைதானத்தில் ஒரு சுற்று 300 டாலரைத் தாண்டுவது சாதாரணம். ஆர்லாண்டோவிலும் பள்ளி விடுமுறைகளை ஒட்டி அறை வாடகை ஏறும், மார்ச்சில் பே ஹில்லில் ஆர்னல்ட் பால்மர் போட்டி இருக்கிறது. ஆனால் புளோரிடாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைதானங்கள் இருப்பதால் டீ டைம் விலை அந்த அளவுக்குக் கையைச் சுடாது. ஸ்காட்ஸ்டேல்தான் வேண்டும், பணமும் மிஞ்ச வேண்டும் என்றால் நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் பாதிவரை பாருங்கள். ஓவர்சீடிங் முடிந்திருக்கும், கூட்டம் இன்னும் வந்திருக்காது, நவம்பரில் வெயிலும் ஜனவரியைவிட இதமாக இருக்கும். டிசம்பரில் போனால் ஃபீனிக்ஸ் ஓபனின் பதினாறாவது குழியைச் சுற்றி எழும்பும் பார்வையாளர் மேடைகளுக்கு நடுவே ஆடிவிட்டும் வரலாம். 1997-ல் டைகர் வுட்ஸ் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டது அங்கேதான்.

அடுத்தது, குழுவில் நன்றாக ஆடுகிறவர் மட்டும் முடிவு செய்வது. ஸ்காட்ஸ்டேலின் பாலைவன மைதானங்களில் பச்சை என்பது ஓரிரு திட்டுகள்தான், நடுவில் கள்ளியும் சரளையும். டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து, 120, 130 கெஜம் பந்தைப் பறக்கவிட்டால்தான் ஃபேர்வேயைத் தொட முடியும் என்ற இடங்கள் நிறைய. ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், கூடக் கூடத் திறன் குறைவு) 28 உள்ளவருக்கு அது சித்திரவதை. ஒரு சுற்றுக்கு ஒரு டஜன் பந்து போகும். விழுந்த பந்தை எடுக்கப் புதருக்குள் கைவிட வேண்டாம். குளிர்காலத்தில் சாரைச்சாரையாகப் பாம்பு வராதுதான், ஆனால் சோயா (cholla) என்ற கள்ளியின் முள் துண்டு துணியில் ஒட்டினால் விரலால் பிடுங்க முடியாது. பையில் ஒரு சீப்பு வைத்துக்கொண்டால் தட்டிவிடலாம். ஆர்லாண்டோவில் நிலம் தட்டை, ஃபேர்வே அகலம், தரையோடு உருட்டியே போகலாம். ஆனால் பக்கத்தில் எப்போதும் ஒரு குளம், குளிர் நாளில் வெயில் காயும் முதலை. பந்தை மறந்துவிடுங்கள். புதிதாக ஆடுகிறவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் ஆர்லாண்டோவே சரி. ஸ்காட்ஸ்டேல்தான் என்று அடம்பிடித்தால் பபாகோ போன்ற, புல் அதிகமுள்ள பழைய பாணி மைதானங்களில் தொடங்குங்கள். பந்து எவ்வளவு தூரம் போகும் என்ற வாதமும் வரும். ஈரக் காற்று கனமானது, அதனால் புளோரிடாவில் பந்து குறைவாகப் போகும் என்பார்கள். உண்மையில் ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. தூரத்தைக் குறைப்பது குளிர்தான். அரிசோனாவின் உயரம் தரும் சில கெஜங்களைக் காலைக் குளிரே எடுத்துக்கொள்ளும்.

ஆடாதவர்களும் கூட வருகிறார்கள் என்றால் கணக்கு மாறும். சிறு பிள்ளைகள் இருந்தால் ஆர்லாண்டோவில் டிஸ்னி இருக்கிறது, பேச்சு முடிந்தது. ஸ்காட்ஸ்டேலுக்குக் குடும்பத்தை இழுக்க "கிராண்ட் கேன்யனைப் பார்த்துவிட்டு வரலாம்" என்று ஆசை காட்டுவார்கள். போக மட்டுமே மூன்றரை மணி நேரம். தெற்கு விளிம்பு 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரியில் அங்கே பனி கிடக்கும். எந்தப் பனியிலிருந்து தப்பி வந்தீர்களோ அதே பனிக்கு பூட்ஸ் வேண்டும். செடோனாவின் செம்பாறைகள் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும், ஒருநாள் பயணத்துக்கு அது போதும்.

கார் விஷயம் சின்னது, ஆனால் விமான நிலையத்தில் வந்து நிற்கும்போது பெரிதாகிவிடும். நான்கு பேர், நான்கு கோல்ஃப் பை, நான்கு பெட்டி. நடுத்தர எஸ்யூவியில் இவை ஏறாது. மினிவேன் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். பையின் எடை 23 கிலோவைத் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்கும், ஷூவையும் உதிரிப் பந்துகளையும் வேறு பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.