உதவப் போன இடத்தில் இடைஞ்சலாகிவிடாதீர்கள்: சென்னைத் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை 9.40 மணி. பத்து மணிக்குப் பருவத் தேர்வு. பார்வையற்ற மாணவி ஒருவர் தேர்வறை வாசலில், மடக்கிய குச்சியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவருக்காக எழுத வருவதாகச் சொன்னவரின் போன் ஸ்விட்ச் ஆஃப். தேர்வு எழுத ஆள் ஏற்பாடு செய்யும் குழுவில் நான் இருப்பதால், இருக்கிற வாட்ஸ்அப் குரூப்புகளில் எல்லாம் செய்தி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவில் வேலை பார்க்கும் ஒரு பெண் அலுவலகத்தில் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது மணி 10.25. அதுவரை அந்த மாணவி கேட்டது ஒரே கேள்வி: "யாராவது வர்றாங்களாக்கா?"

2015 டிசம்பர் வெள்ளத்தின்போதுதான் நான் இந்த வேலைகளுக்குள் வந்தேன். அதன் பிறகு பார்த்த குளறுபடிகளில் பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தால் நடந்தவை அல்ல. நமக்கு என்ன கொடுக்கத் தோன்றுகிறது என்று யோசிக்கிறோம், எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. பல தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

தேர்வு எழுதித் தருபவர்கள்

சென்னையில் தன்னார்வலர்களுக்கான தேவை எப்போதும் இருந்துகொண்டே இருக்கிற வேலை இதுதான். மாநிலக் கல்லூரி போன்ற இடங்களில் பார்வையற்ற மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். பருவத் தேர்வு, அரியர், வங்கித் தேர்வு, போட்டித் தேர்வு என்று வருடம் முழுக்க ஸ்க்ரைப், அதாவது மாணவர் சொல்லச் சொல்ல எழுதித் தருபவர், தேவைப்படும்.

முதல் தவறு, நேரத்தைக் குறைத்துக் கணக்குப் போடுவது. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகிவிடும். ஒரு மணிக்கு முடிந்துவிடும் என்று நினைத்து ஒன்றரை மணிக்கு ஆபீஸ் மீட்டிங் வைத்துக்கொண்டு வருபவர்கள், கடைசி அரை மணி நேரம் கடிகாரத்தையே பார்க்கிறார்கள். பார்வை இல்லாவிட்டாலும் அந்த அவசரம் மாணவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தவுடன் பதிலைச் சுருக்கிக்கொள்வார்.

இரண்டாவது, உங்கள் படிப்பு. மாணவரே ஸ்க்ரைப் அழைத்து வரும் தேர்வுகளில், எழுதுபவரின் கல்வித் தகுதி தேர்வு எழுதுபவரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொன்னது. 2025இல் வந்த புதிய வழிகாட்டுதலில் இது மாறியிருக்கிறது. எம்.காம். முடித்தவர் பி.காம். தேர்வுக்கு வந்து வாசலிலிருந்தே திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். என்ன சான்று வேண்டும், எந்த அடையாள அட்டை வேண்டும், யார் கையெழுத்து வேண்டும் என்பதை இரண்டு நாள் முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவதை நானே செய்திருக்கிறேன். மாணவர் சொன்ன ஒரு வருடம் தவறு என்று எனக்குத் தெரிந்தது. சரியான வருடத்தை எழுதிவிட்டேன். எழுதியதைத் திருப்பி வாசித்தபோது அவர் நிறுத்தினார். "அக்கா, நான் அதைச் சொல்லலையே. எனக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க, இல்லேன்னா அது என் மார்க் இல்லை" என்றார். அடித்துவிட்டு அவர் சொன்னதையே எழுதினேன். சொன்னதை அப்படியே எழுதுவது கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போது கை முந்திக்கொள்ளும்.

அப்புறம், கேள்வித்தாளை வாசிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. எத்தனை பகுதிகள், எதற்கு எத்தனை மதிப்பெண், எதில் விருப்பத் தேர்வு என்பதை முதலில் முழுதாக வாசித்துக் காட்டுங்கள். பார்வையுள்ளவர் ஒரே பார்வையில் எடுத்துக்கொள்வதை அவர் உங்கள் குரல் வழியாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும். முந்தின நாள் போனில் கால் மணி நேரம் பேசிக்கொண்டால் போதும், அவர் சொல்லும் வேகமும் உங்கள் கை வேகமும் ஒத்துவரும்.

பிறந்தநாள் சாப்பாடு

ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல், பிரபலங்களின் பிறந்தநாள். இந்த நாட்களில் குழந்தைகள் இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ போய்ப் பாருங்கள். பதினோரு மணிக்கு ஒருவர் கேக் வெட்டுவார், பன்னிரண்டரைக்கு இன்னொருவர் பிரியாணி கொண்டுவருவார், நான்கு மணிக்கு வேறொரு குடும்பம் ஐஸ்கிரீமோடு வரும். எல்லாருக்கும் முன்னால் குழந்தைகள் வரிசையில் நின்று வாழ்த்துப் பாட வேண்டும். சர்க்கரை நோயுள்ள ஒரு பாட்டி, கொண்டுவந்தவர் மனம் கோணக்கூடாதே என்று இனிப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே இல்லத்தில் அரிசி கடன் வாங்கியிருந்தார்கள்.

போவதற்கு முன் இல்லத்தின் பொறுப்பாளருக்குப் போன் செய்து "இந்த மாசம் எது குறையுது?" என்று கேளுங்கள். பெரியவர்களுக்கான டயப்பர், சானிட்டரி நாப்கின், கொசுவலை, கேஸ் சிலிண்டர், மின் கட்டணம் என்று பட்டியல் வரும். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ விஷயத்தில் எனக்கு வருத்தம் அதிகம். தட்டை நீட்டும் கையும் வாங்கும் முகமும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று குழந்தையை இரண்டாம் முறை நிற்க வைக்கிறார்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி பெயரையோ படத்தையோ வெளியிடுவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியும் வெளியீடுதான். இல்லத்து ஆட்கள் நன்கொடை நின்றுவிடுமோ என்ற பயத்தில் வாய் திறக்க மாட்டார்கள். போனை வெளியே எடுக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

இரவுக் கடற்கரை

மாணவர்கள் 1988இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் போல இரவில் கரையோரமாக நடக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். நம் கடற்கரையில் 'பங்குனி ஆமை' என்று சொல்வார்களே, அது முட்டையிடக் கரையேறும் பருவம் அது. குழியில் நூறு முட்டை போல இருக்கும். நாய்களிடமிருந்தும் மனிதர்களிடமிருந்தும் காப்பாற்ற, அதைக் கவனமாக எடுத்து வேலியடைத்த பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். நாற்பத்தைந்து நாள் வாக்கில் குஞ்சுகள் வெளிவரும்.

எனக்கு நான்காவது நடையில்தான் ஆமை கிடைத்தது. டிராக்டர் டயர் போன தடம் போல மணலில் ஒரு கோடு கடலிலிருந்து மேலே ஏறியிருந்தது. தடத்தின் முடிவில் அது பின்துடுப்பால் மணலை ஒரு கரண்டி அளவு அள்ளி அந்தப் பக்கம் வைத்தது, அடுத்த துடுப்பால் இன்னொரு கரண்டி. சத்தமே இல்லை. எங்களில் ஒருவர் போனைத் தூக்கினார், ஃபிளாஷ் அடித்தது. ஆமை தோண்டுவதை நிறுத்தியது, மெல்லத் திரும்பியது, முட்டையிடாமலே கடலுக்குப் போய்விட்டது. முட்டையிடத் தொடங்கும் முன் அது அவ்வளவு எளிதில் மிரளும். அந்த இரவு திரும்பி நடந்த தூரம் முழுக்க யாரும் பேசவில்லை.

ஆகவே டார்ச் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம், வழிநடத்துபவரைத் தாண்டி முன்னால் ஓட வேண்டாம். குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைகளில் கையில் எடுத்துப் படம் பிடிக்கவும் வேண்டாம். அவை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திசை அறிகின்றன, உங்கள் போன் வெளிச்சமும் அவற்றுக்குக் கடல்தான். பணம் கொடுத்த காட்சி போல "இன்னைக்கு ஆமை வருமா?" என்று நச்சரிப்பவர்களும் உண்டு. பல இரவுகளில் வராது. செத்து ஒதுங்கியதைத்தான் பார்ப்பீர்கள். 2025 ஜனவரியில் நம் கரையோரத்தில் அப்படி நூற்றுக்கணக்கில் கிடந்தன. அவற்றை அளந்து குறிப்பதும் இந்த வேலையில் ஒரு பங்கு.

மரமும் ஏரியும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்தபின் கன்று நடும் விழாக்கள் பெருகின. நல்ல விஷயம். ஆனால் வேர்ப்பந்தைச் சுற்றிய பிளாஸ்டிக் பையோடு குழியில் வைத்துவிட்டுப் போகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். சித்திரை வெயிலில் நடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால், புரட்டாசியில் வைத்தால் மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அடுத்த இரண்டு கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று அந்தத் தெருக்காரர் ஒருவரிடம் பேசி வைத்துக்கொண்டு நடுங்கள். புங்கன், பூவரசு, வேம்பு, மகிழம், நாவல் போன்றவை நம் மண்ணுக்குப் பழகியவை.

சதுப்பு நிலத்தில் மரம் வைக்கவே கூடாது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணை வெட்டவெளியாகத் தெரிவது குறை இல்லை, சதுப்பு நிலத்தின் இயல்பே அதுதான். ஏரியைச் சுத்தம் செய்கிறோம் என்று பச்சையாக இருப்பதையெல்லாம் பிடுங்குவதும் அதே மாதிரிதான். ஆகாயத்தாமரையை எடுங்கள். கோரையையும் சம்பையும் விட்டுவிடுங்கள், நீலத் தாழைக்கோழி அதற்குள்தான் கூடு கட்டும். குப்பை அள்ளப் போகும் நாளில், அள்ளியதை எடுத்துப்போக வண்டி வருமா என்று மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் முன்பே பேசுங்கள். கரையில் அடுக்கிவைத்த மூட்டைகள் அடுத்த மழையில் அதே ஏரிக்குள் போனதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வெள்ளமும் ரத்தமும்

வெள்ளம் வந்தால் முதலில் வந்து குவிவது பழைய துணி. 2004 சுனாமியிலும் பார்த்தோம், 2015இலும் பார்த்தோம். உடுத்த முடியாத துணியைத் தெருவோரம் கொட்டினால், வீடிழந்தவர்கள் அதையும் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டியிருக்கும். புதுப் போர்வை, உள்ளாடை, நாப்கின், பக்கெட், ப்ளீச்சிங் பவுடர் இவைதான் உதவும். மெயின் ரோட்டிலேயே எல்லாப் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள், வண்டி போக முடியாத உள் தெருக்களுக்கு அவை போய்ச் சேருவதே இல்லை. முழங்கால் பூட்ஸ் இல்லாமல் தேங்கிய நீரில் இறங்காதீர்கள். காலில் சின்னக் காயம் இருந்தாலே எலிக்காய்ச்சல் வரலாம். முன்பே மருத்துவரிடம் கேட்டு அதற்கான மாத்திரையும் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்வது நல்லது.

ரத்தத்தில் செய்யும் தவறு வேறு மாதிரி. விபத்துச் செய்தி வந்தால் எல்லாரும் ஒரே நாளில் போய் வரிசையில் நிற்கிறோம். பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம். ஆண்கள் மூன்று மாதத்துக்கும் பெண்கள் நான்கு மாதத்துக்கும் ஒருமுறைதான் கொடுக்கலாம் என்பதால், அன்று கொடுத்த எல்லாரும் அடுத்த மூன்று மாதம் கையிருப்பில் இல்லை. கல்லூரிகள் மூடியிருக்கும் மே மாதத்தில் முகாம்கள் குறைந்துவிடும், அந்த மாதத்தை உங்களுக்கென்று குறித்து வையுங்கள். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும், டாட்டூ போட்டிருந்தால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். "அவசரமாக ஓ நெகட்டிவ்" என்ற செய்தியை அனுப்புவதற்கு முன் அதிலுள்ள எண்ணுக்கு ஒருமுறை போன் செய்யுங்கள். தேதியில்லாத பழைய செய்தியாக இருந்தால், துக்கத்தில் இருக்கிற குடும்பத்துக்கு அது திரும்பத் திரும்ப மணி அடித்துக்கொண்டிருக்கும்.

உடல் உழைப்பு முடியாதவர்களுக்கும் இடம் இருக்கிறது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, மொட்டை மாடியில் 15 நிமிடம் நின்றாலே போதும். அரிய பறவையை மட்டும் எழுதிக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள், அவற்றின் எண்ணிக்கையும் வேண்டும். மெட்ராஸ் தினமான ஆகஸ்ட் 22ஐ ஒட்டி வரும் மெட்ராஸ் வார மரபு நடைகளில் பல இலவசம். இலவசம்தானே என்று பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருந்தால், இருபது பேருக்கான நடையில் வேறு யாருக்கோ போயிருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கும்.

வர முடியாவிட்டால்

காய்ச்சல் வரும், வீட்டில் யாருக்காவது முடியாமல் போகும், ஆபீஸில் விட மாட்டார்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். போனை அணைத்துவிடுவதுதான் தவறு. சங்கடத்தில் அணைக்கிறீர்கள் என்று எங்களுக்குப் புரிகிறது, ஆனால் வாசலில் நிற்பவருக்கு நீங்கள் வந்துகொண்டிருக்கிறீர்களா இல்லையா என்றே தெரியாது. முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு "நாளைக்கு முடியாது" என்று ஒரு வரி அனுப்புங்கள். காலை பத்து மணித் தேர்வுக்கு வேறு ஆள் பிடிக்க எங்களுக்கு அந்த ஓர் இரவு போதும்.